உப்புகள் இடம் மாறும் நேரம்

நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பின் கருப்பைத் தசை இறுகச் சுருங்கி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். அது தளர்ந்து கிடந்தால் சில நிமிடங்களிலேயே இரண்டு லிட்டர் இரத்தம் போய்விடக்கூடும். நாடி படபடத்து, கைகால் சில்லிட்டுக் கிடக்கும் அந்தத் தாயிடம் எடுத்த முதல் இரத்த மாதிரியில் சோடியம் பெரும்பாலும் லிட்டருக்கு 140 மில்லிமோல் (கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்ற இயல்பான அளவிலேயே இருக்கும். ஹீமோகுளோபின்கூட அதிகம் இறங்கியிருக்காது. சட்டியில் உள்ள ரசத்தில் பாதியைக் கொட்டிவிட்டாலும் மிச்ச ரசத்தின் உப்பு மாறுவதில்லை அல்லவா? நீரும் உப்பும் சிவப்பணுக்களும் ஒரே விகிதத்தில் வெளியேறியிருப்பதால், அறிக்கை அமைதியாகவே இருக்கிறது. மாற்றம் தொடங்குவது திசுக்களின் உள்ளே.

நம் செல்களுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே இரத்த நீரில் அது 4 மட்டுமே. சோடியம் இதற்கு நேர்மாறு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைப்பதில்லை. செல் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், பம்பைப் போல ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. சுற்றுக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். இரத்த ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் எட்டாதபோது அதே குளுக்கோஸ் தருவது 2 மட்டுமே. ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸ் சிதையும்போது உண்டாகும் லாக்டேட் இரத்தத்தில் பெருகுகிறது; உடன் சேரும் அமிலத்தைச் சமன்செய்வதில் பைகார்பனேட் 24 மில்லிமோலிலிருந்து இறங்கிக்கொண்டே போகிறது.

பம்பு தளர்ந்ததும் சோடியம் செல்லுக்குள் புகுகிறது. அதன் பின்னாலேயே நீரும் புகுகிறது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1960-களில் அறுவை மருத்துவர் டாம் ஷயர்ஸும் அவருடைய குழுவினரும் இதைத்தான் அளந்து காட்டினார்கள்: செல்களுக்கு இடையே உள்ள திரவம், வெளியேறிய இரத்தத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. நோயாளி வெளிப்புறமாக இழப்பது போதாதென்று உட்புறமாகவும் நீரை இழக்கிறார்.

பொட்டாசியத்தின் போக்கு இருமுனைப்பட்டது. தொடக்கத்தில் பெருகும் அட்ரினலின் அதைச் செல்களுக்குள் தள்ளுவதால், முதல் அறிக்கையில் 3.5-க்கும் கீழே இருக்கலாம். அதை நம்பிப் பொட்டாசியம் ஏற்றுவதில் மிகுந்த கவனம் தேவை. ஏனெனில் பம்பு தளர, அமிலம் ஏற, சிறுநீர் நின்றுபோக, அது செல்களிலிருந்து வெளியேறித் தேங்கத் தொடங்கும். வாரக்கணக்கில் சேமிக்கப்பட்ட இரத்தப் பையிலும் சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்திருக்கும். அளவு மிகும்போது இசிஜியில் டி அலை கூடாரம்போல் கூர்மையாக எழும்; அது இதயம் தரும் எச்சரிக்கை.

ஆனால் இவை எல்லாவற்றிலும் அதிக அக்கறை பெற வேண்டியது கால்சியம் என்று நான் கருதுகிறேன். இரத்த வங்கியில் இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறது. கொடையின்போது சிட்ரேட் கலந்த இரத்தம் உடலுக்குத் திரும்புவதால், பிளேட்லெட் (இரத்தத் தட்டு) கொடையாளர்களுக்கு உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் மதமதப்பதும் இதனால்தான். நலமான கல்லீரல், ஒரு பை இரத்தத்தில் உள்ள சுமார் 3 கிராம் சிட்ரேட்டைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். இரத்த ஓட்டம் குன்றி, உடலும் குளிர்ந்து கிடக்கும்போது அதே கல்லீரலால் அது முடிவதில்லை. பை பையாக இரத்தம் ஏற ஏற, தனித்து இயங்கும் கால்சியம் இறங்குகிறது. அதன் இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 1.1 முதல் 1.3 மில்லிமோல். வழக்கமான அறிக்கை காட்டும் மொத்தக் கால்சியம் இங்கே நம்மை ஏமாற்றிவிடும். சிட்ரேட் பிடித்துவைத்திருப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் எண் சரியாகவே தெரியும். தனித்த கால்சியத்தைத் தனியாக அளந்தாக வேண்டும்.

அது குறைந்தால் இரத்தம் சரியாக உறையாது, இதயத்தின் பிடி தளரும், இரத்தக் குழாய்ச் சுவர்கள் விரியும். உடல் குளிர்வு, அமிலமேற்றம், உறைதல் கோளாறு என்று மருத்துவர்கள் அஞ்சும் மூன்றோடு இப்போது கால்சியக் குறைவையும் நான்காவதாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். நாம் பார்த்த தாய்க்கு இன்னொன்றும் உண்டு: கருப்பைத் தசை சுருங்குவதற்கும் கால்சியமே வேண்டும். எனவே இரத்தம் ஏற்றும்போதே கால்சியம் குளுக்கோனேட்டோ கால்சியம் குளோரைடோ கொடுக்கிறார்கள். இரத்தம் ஏறும் குழாயில் அதைக் கலப்பதில்லை, வேறொரு சிரை வழியாகத்தான் செலுத்துகிறார்கள். கலந்தால் சிட்ரேட்டின் காவல் முறிந்து, இரத்தம் அந்தக் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும்.