வித்தை முடிந்ததும் காசை எண்ணுங்கள்

பிறந்தநாள் விருந்தில் மாமா காசை மறைக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். மறுநாள் எச்சில் வடிய, சோறு இறங்காமல், காசை விழுங்கிய ஒரு குழந்தை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருகிறது. கூடவே அதே வாக்கியமும் வருகிறது: "வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தோம் டாக்டர்."

தயவுசெய்து கொடுக்காதீர்கள். காசு வயிற்றுக்கு இறங்கிவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே மலத்தோடு வந்துவிடும், அதற்குப் பழம் தேவையில்லை. உணவுக்குழாயின் மேல்வாயில் மாட்டிக்கொண்டிருந்தால் பழம் அதைத் தள்ளாது, அதன் மேலேயே தேங்கும். குழந்தை வாந்தி எடுக்கும், அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியே கேமராக் குழாயை விட்டு) காசை எடுக்க, திட உணவு சாப்பிட்டு வழக்கமாக 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நீங்கள் ஊட்டிய ஒரு பழத்துக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டியதாகிறது. சோற்று உருண்டை, விளக்கெண்ணெய், தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவுவது, எதுவும் வேண்டாம். அழுகை நின்றுவிட்டது, அதனால் காசு இறங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

வித்தையை நிறுத்தச் சொல்லவில்லை. இப்படிச் செய்யுங்கள். இடது கை விரல் நுனிகளில் 10 ரூபாய் காசை விளிம்பில் பிடியுங்கள். வலது கட்டைவிரல் காசுக்கு அடியில் நுழையும்போது மற்ற விரல்கள் முன்னால் மறைக்கும். அந்தக் கணத்தில் இடது பிடியைத் தளர்த்தினால் காசு இடது விரல்களின் அடிப்பகுதியில் விழும். வலது கையை மூடி நகர்த்துங்கள், உங்கள் பார்வையும் அதோடு போகட்டும். இடது கையை விறைப்பாக வைத்தால் குட்டு வெளிப்படும், ஒரேயடியாகத் தளர்த்தினால் காசு சோபாவுக்கு அடியில் ஓடும்.

காசை முழங்கையிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ எடுங்கள். வாய், மூக்கு, காது வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தை எடுப்பதைப் பார்த்து, போடுவதைப் பழகும். 10 ரூபாய் காசு 27 மி.மீ., அதுவும் தொண்டையில் மாட்டக்கூடியதுதான். ஆனால் விழுந்தால் சத்தம் கேட்கும், கண்ணில் படும்.

காசை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

மேஜிக் பெட்டியோடு வரும் காந்தத்தையும், உள்ளே பட்டன் பேட்டரி வைத்து விளக்கு எரியும் போலி விரலையும் இன்னும் கவனமாக எண்ணுங்கள். 1, 2 ரூபாய் எஃகுக் காசுகள் காந்தத்தில் ஒட்டும், அதனால்தான் அவற்றை வைத்து விளையாடுகிறார்கள். குழந்தை ஒரு காந்தத்தையும் ஒரு காசையும் தனித்தனியாக விழுங்கினால், இரண்டும் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடல் சுவரை ஓட்டையாக்கலாம். இரண்டு காந்தம் என்றாலும் அதே கதி. இதற்குக் காத்திருந்து பார்ப்பது கிடையாது.

பட்டன் பேட்டரி அதைவிட அவசரம். சிஆர்2032 பேட்டரியின் விட்டம் 20 மி.மீ., 2019-இல் வந்த 1 ரூபாய் காசும் 20 மி.மீ. "காசுதான் விழுங்கியிருப்பான்" என்று அடித்துச் சொல்ல வீட்டில் யாராலும் முடியாது. எக்ஸ்ரேயில் பேட்டரிக்கு இரட்டை வளையம் தெரியும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை வேகவைக்கத் தொடங்கும். பேட்டரி என்று சந்தேகம் இருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. வேறு எதுவும் வாய்வழி வேண்டாம். தேன் தேடிக்கொண்டு கிளம்பாமல் இருக்காதீர்கள்.

எண்டோஸ்கோப்பி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பேட்டரி உறையோ அதே மாதிரி இன்னொரு காந்தமோ இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், வாழைப்பழம் உட்பட.