குழாயில் வைத்தாலும் ஹெப்பாரின், ஹெப்பாரின்தான்

பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், கழுத்தில் டயாலிசிஸ் குழாய். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஒவ்வாமல், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் பாதி அளவுக்கும் கீழே இறங்கி, தேறி, டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஹெப்பாரின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதித்தான் புதுச்சேரியிலிருந்து அனுப்பினோம். போன வாரம் காலில் ரத்தக்கட்டியோடு திரும்பி வந்தார். வேறொரு இடத்தில் டயாலிசிஸ் முடிந்ததும் குழாயை ஹெப்பாரின் வைத்தே லாக் செய்திருக்கிறார்கள், அதாவது அடுத்த முறை வரை அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் குழாய்க்குள் நிரப்பி வைத்திருக்கிறார்கள். கேட்டால், "உடம்புக்குப் போடலை சார், குழாயிலதானே வச்சோம்" என்கிறார்கள். இதே பதிலை நான் கேட்பது மூன்றாவது முறை.

குழாய் என்ன, மூடி போட்ட பாட்டிலா? அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில், ஓடுகிற ரத்தத்தில் கிடக்கிறது, பக்கவாட்டில் ஓட்டைகள் வேறு. லாக் போடும்போதே ஒரு பங்கு மருந்து வெளியேறிவிடும், மிச்சமும் மெல்ல மெல்லக் கசியும். மில்லிக்கு 5000 யூனிட் மருந்தைக் குழாயின் இரண்டு வழியிலும் ஒன்றரை மில்லி வைத்தால் 15,000 யூனிட், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வாதவருக்கு அவ்வளவுகூட வேண்டாம், குழாயைக் கழுவ விடும் துளி ஹெப்பாரின் ஃப்ளஷ்ஷே ஆபத்துக்குப் போதும். பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் ஹெப்பாரின் ஒவ்வாமல் பிளேட்லெட் குறையும் இந்த நோயில் ரத்தம் உறையும்.

மாற்று இல்லாமலா இருக்கிறது? ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான சிட்ரேட், 4 சதவீத அடர்த்தியில் டயாலிசிஸ் குழாயை ஹெப்பாரின் அளவுக்கே திறந்து வைக்கிறது, ரத்தக்கசிவும் குறைவு. அதற்காக அடர்த்தி கூடினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 46.7 சதவீத சிட்ரேட் உள்ளே போய் ஒருவர் இதயம் நின்று இறந்ததால் 2000-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கையே விட்டது. கீமோ போர்ட் (புற்றுநோய் மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் குழாய்), கை நரம்பு வழியாகப் போடும் குழாய்களுக்கு வெறும் சலைனே (உப்பு நீர்) பெரும்பாலும் போதும், ஹெப்பாரின் தெளிவாக மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. டாரோலிடின் என்ற கிருமிக்கொல்லி தொற்றைத் தடுக்கும், ஆனால் சில டாரோலிடின் லாக்குகளில் ஹெப்பாரினும் கலந்தே வரும், லேபிளைப் படியுங்கள். ஹெப்பாரின் பூசிய குழாய்களும் உண்டு, இதில் எங்கள் ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள்.

குழாயைக் கையாளும் தங்கைகளே, தம்பிகளே, சலைனை நிறுத்தி நிறுத்தித் தள்ளுங்கள், தள்ளிக்கொண்டே கிளாம்பை மூடுங்கள். அடைப்பு வருவது அதிலேயே குறையும். கிளாம்பில் அச்சிட்ட அளவுக்கு மேல் லாக் வேண்டாம். அடுத்த முறை பழைய லாக்கை உறிஞ்சி எடுத்துக் கொட்டுங்கள், உள்ளே தள்ளாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களே, கடலூரோ விழுப்புரமோ, எங்கே டயாலிசிஸுக்குப் போனாலும் அந்தச் சீட்டைப் பையிலேயே வைத்திருக்காமல் கையில் எடுத்துக் கொடுங்கள். "லாக்குல என்ன வைக்கிறீங்க?" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.