கல்லூரி வீரர்களின் பையில் என்ன இருக்கிறது?

காட்பாடி ஜங்ஷனில் ரயில் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளப் போட்டிக்குக் கிளம்பிய பிள்ளைகள் பிளாட்பாரத்தில் வட்டமாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருவராகப் பையைத் திறக்கச் சொன்னேன். 400 மீட்டர் ஓடும் பையனின் பையில், ஸ்பைக்ஸுக்கும் துண்டுக்கும் நடுவே, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது.

“இன்னாபா இது?”

“இருமல் மருந்து மேடம். நாலு நாளா சளி. ஊர்ல மெடிக்கல்ல குடுத்தாங்க.”

லேபிளில் எறும்பு போலப் பொடி எழுத்து. செல்போன் வெளிச்சத்தில் படித்தேன். மூன்று மருந்துகள் கலந்த சிரப். அதில் ஒன்று டெர்பூட்டலின். காலையில் ஒரு மூடி, மதியம் ஒரு மூடி குடித்திருக்கிறான். அவனை அந்த ரயிலில் நான் ஏற்றவில்லை.

மறுநாள் குடியாத்தத்திலிருந்து அவனுடைய அப்பா போன் செய்தார். “இருமலுக்கு மருந்து குடிச்சது ஒரு குத்தமா மேடம்? சாராயமா குடிச்சிட்டான்?” என்று கேட்டார். ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அவருக்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. வேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக 20 வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பல அப்பா அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

டெர்பூட்டலின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலில் அது இருக்கிறது. போட்டி நாளில் மட்டும் இல்லை, வருடம் முழுக்கத் தடை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இன்ஹேலரில் இழுக்கும் சால்பூட்டமாலுக்கு ஓர் அளவு வரை அனுமதி உண்டு. ஆனால் சிரப்பில் வரும் டெர்பூட்டலினுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் ஊர் மருந்துக்கடையில் இருமல் என்று போய் நின்றால் இது கலந்த பாட்டிலைச் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் மேல் தப்பு சொல்ல முடியாது. எதிரில் நிற்பது 400 மீட்டர் ஓடும் பிள்ளை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த விதியின் அடிப்படை ஒன்றே ஒன்றுதான். உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு வீரர்தான் பொறுப்பு. யார் கொடுத்தார், ஏன் குடித்தார், தெரிந்து குடித்தாரா என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். விதிமீறல் என்பது சிறுநீரில் அந்தப் பொருள் தெரிந்த நொடியே உறுதியாகிவிடும். மனசு பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது கொடுமையாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் “எனக்குத் தெரியாது” என்ற ஒரு வார்த்தையில் எல்லோரையும் விட்டுவிட்டால், சுத்தமாக ஓடி நான்காவதாக வந்த பிள்ளைக்கு என்ன நியாயம் என்று யோசித்தபோது ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட பிறகுதான் என் வேலை எங்கே தொடங்குகிறது என்று புரிந்தது. விதி வீரரை மட்டும் பிடிக்கிறது என்றால், விதி வந்து சேருவதற்கு முன்னால் அவரிடம் நாம் போய்ச் சேர வேண்டும்.

நாம் போய்ச் சேரவில்லை என்பதைக் கணக்கே சொல்கிறது. வாடா வெளியிட்ட 2023ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 200க்கும் மேற்பட்டவற்றில் தடை செய்யப்பட்ட பொருள் தெரிந்திருக்கிறது. அதே 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில், நாடா என்கிற நம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார். அந்தச் செய்தியை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், “ஓடிப்போனவங்களுக்கு யாரு குடுத்திருப்பாங்க மேடம்?” என்று கேட்டாள்.

யார் கொடுப்பார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு கதை இருக்கிறது. வேலூர் எடைதூக்கும் ஊர். சத்துவாச்சாரியில் வளர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். அதற்கப்புறம் பார்பெல்லைத் தொடாத தெரு இங்கே குறைவு. அது நல்ல விஷயம், எனக்குப் பெருமை. கூடவே, தெருவுக்குத் தெரு ஜிம்மும் வந்தது. அங்கே புரதப் பவுடர் டப்பா வந்தது. டப்பாவிலிருந்து பிரித்து லேபிள் இல்லாத பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கும் பவுடரும் வந்தது. ஊசியும் வந்தது. ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் போடும் மெஃபென்டர்மின் என்ற மருந்தை, பயிற்சிக்கு முன் வேகம் வரும் என்று போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. தடை ஒருபுறம் இருக்கட்டும், இதயத்துக்கே ஆபத்து.

எங்கள் கல்லூரியில் எடைதூக்கிய ஒரு பையன், முதுகலை முதலாண்டு, வயது 22. அம்மா பீடி சுற்றுகிறார். காலையில் எங்களிடம் பயிற்சி, மாலையில் வெளியே ஒரு ஜிம்மில். அந்த மாஸ்டர் அவனுக்குச் சின்ன மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். “வலி போகும், தெம்பு வரும்” என்று சொல்லியிருக்கிறார். ஒரு தேசியப் போட்டியில் சோதனை எடுத்தார்கள். ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு. நாலு வருடத் தடைக்குரிய பொருள். குற்றச்சாட்டுக் கடிதம் வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் ஒரு வருடம் குறையும் என்று விதி இருக்கிறது. அவன் ஒப்புக்கொண்டான். மூன்று வருடம்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆட வயது வரம்பு 25. 22இல் மூன்று வருடம் தடை என்றால் திரும்பி வரும்போது பல்கலைக்கழகக் கதவு சாத்தியிருக்கும். அந்தப் போட்டியின் பதக்கமும் சான்றிதழும் போய்விட்டன. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அதை நம்பித்தான் அந்த அம்மா பீடி சுற்றிய காசில் முட்டை வாங்கிக் கொடுத்தார்.

தடைக்காலத்தில் போட்டியில் கலந்துகொள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அணியோடு சேர்ந்து பயிற்சியும் செய்யக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. அவன் ஒரு நாள் காலை ஜிம் வாசலில் வந்து நின்றான். “வெயிட் தூக்க மாட்டேன் மேடம், பசங்களுக்குப் பிளேட் மாட்டிக் குடுக்கிறேன்” என்றான். கூடாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மாஸ்டருக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. தடை மருந்தை விற்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் குறைந்தது நான்கு ஆண்டு முதல் வாழ்நாள் வரை தடை விதிக்க விதியில் இடம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் நாடாவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கொடுத்தவரைப் பற்றி உருப்படியான தகவல் தந்தால் வீரரின் தண்டனையில் நான்கில் மூன்று பங்கு வரைகூட நிறுத்தி வைக்கலாம். இதை அவனிடம் எடுத்துச் சொன்னேன். “அண்ணன் மாதிரி பழகினவரு மேடம், காட்டிக் குடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டான். எந்தச் சங்கத்திலும் பதிவில்லாத தெரு ஜிம் மாஸ்டரைப் பிடிக்க அந்த ஒரு வாய்தான் இருந்தது.

எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. மூன்று மாதமாக அவன் தோள் திரண்டு வந்ததை நான் பார்த்தேன். எங்கள் ஜிம் ஜன்னல் திட்டில் அந்தக் கவர் இருந்ததையும் பார்த்தேன். கேட்கவில்லை. பதக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகளின் தரத்தை எடைபோடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் பதக்கத்துக்கு மதிப்பெண் உண்டு. கவரைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பையைத் திறக்கச் சொல்லும் வழக்கம் அந்தக் கடிதம் வந்த பிறகு ஆரம்பித்ததுதான்.

சரி, என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன். அணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. எந்த மருந்து, எந்த டாக்டர், எந்தத் தேதி, எல்லாம் அதில் எழுத வேண்டும். மருந்தின் அட்டையையும் பாட்டிலையும் தூக்கிப் போடக் கூடாது. டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக “நான் போட்டியில விளையாடுறேன்” என்று சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், முட்டி வலி என்று போனால் சில இடங்களில் டெக்சாமெத்தசோன் ஊசி போட்டுவிடுவார்கள். வாய்வழியும் ஊசிவழியும் அந்த வகை மருந்துகளுக்குப் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது முந்தைய நாள் இரவு 11:59க்கே தொடங்கிவிடும். அந்த மருந்து இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொன்னால், சிகிச்சைக்கான விலக்கு கேட்டு நாடாவுக்கு விண்ணப்பிக்கலாம். போட்டிக்கு 30 நாள் முன்பே அனுப்ப வேண்டும். மருந்தின் பெயரைப் போட்டுத் தடை உண்டா என்று பார்க்க நாடாவின் செல்போன் செயலியும் இருக்கிறது.

பவுடர் விஷயத்தில் நான் கறார். எந்த டப்பாவுக்கும் நாடா ஒப்புதல் தருவதில்லை. “சோதிக்கப்பட்டது” என்று மேலே ஒட்டியிருந்தாலும், மாட்டிக்கொள்வது டப்பா கம்பெனி கிடையாது. ஒரு கரண்டி பவுடரில் இருக்கும் புரதம் நான்கு முட்டையில் வந்துவிடும். கடலையும் கொள்ளும் பயறும் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சோதனை அறையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். என் மாணவி ஒருத்தி பந்தயம் முடிந்து வேர்த்து வழிய நின்றபோது சோதனைக்குக் கூப்பிட்டார்கள். 90 மில்லி சிறுநீர் வேண்டும். உடம்பில் தண்ணீரே இல்லை. ஒரு பெண் அலுவலர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கத்தான் மாதிரி கொடுக்க வேண்டும் என்றதும் அழுதுவிட்டாள். “நான் குடுக்க மாட்டேன், வீட்டுக்குப் போறேன்” என்று எழுந்துவிட்டாள். மறுப்பதே நாலு வருடத் தடைக்குரிய குற்றம். கூட ஒருவர் வர உரிமை உண்டு என்பதால் நான் போய் உட்கார்ந்தேன். மூடிய தண்ணீர் பாட்டில்களில் ஒன்றை அவளையே எடுக்கச் சொன்னேன். சீல் உடையாத கிட்களில் ஒன்றையும் அவளே தேர்ந்தெடுத்தாள். முதலில் 40 மில்லிதான் வந்தது. அதை மூடி முத்திரை வைத்துவிட்டு இன்னும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் ஊற்றி, எண்ணைச் சரிபார்த்து, கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்தையெல்லாம் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதை ஒரு மாதம் முன்பே வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள்.

போட்டியில் ஆடத் தகுதி உண்டு என்று கல்லூரி கையெழுத்துப் போட்டு அனுப்பும் தகுதிப் படிவத்துக்கும் இதே கதைதான். கபடிக்கு நல்ல ரைடர் கிடைத்தான் என்று, முழுநேர வேலைக்குப் போகிறவனையோ படிப்பை விட்டவனையோ பட்டியலில் நுழைத்துவிட்டு, எதிரணி புகார் கொடுத்ததும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்த அணியை நான் பார்த்திருக்கிறேன். ஒருவனுக்காக மற்ற 11 பேரின் சான்றிதழும் போனது. நம் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களிடம் என் வேண்டுகோள்: படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அசல் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

குடியாத்தத்து அப்பா பத்து நாள் கழித்துக் கல்லூரிக்கே வந்தார். பட்டியலை எடுத்து அந்த மருந்தின் பெயரைக் காட்டினேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். ஊர் மருந்துக்கடையில் காட்டப் போவதாகச் சொன்னார். பையன் மறுபடி ஓடுகிறான்.

எடைதூக்கும் பையனின் தடை அடுத்த வருடம் முடிகிறது. கடைசி இரண்டு மாதம் அவன் அணியோடு பயிற்சிக்கு வரலாம் என்று விதியில் இருக்கிறது. அந்தத் தேதியை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.