மீன்தொட்டியில செடி நடுறதுக்கு முன்னாடி அதோட உயிர் எங்க இருக்குன்னு பாருங்க

போன மாசம் அம்பத்தூர்ல ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். மூணடி தொட்டி, பழைய பிளாஸ்டிக் செடியெல்லாம் எடுத்துட்டு லைவ் பிளான்ட் வச்சு மூணு வாரம்தான் ஆகுதாம், "தம்பி, உரம் போட்டேன், லைட்டும் மாத்திட்டேன், எல்லாமே கரைஞ்சு போகுது"ன்னு அந்த அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டாரு. கைய விட்டு அனுபியாஸ்ங்கிற செடி ஒண்ணைத் தூக்கிப் பார்த்தேன். மேல இலை பச்சையாத்தான் இருக்கு, ஆனா இஞ்சி மாதிரி இருக்குமே அந்தத் தண்டு, அது முழுசா மணலுக்குள்ள புதைஞ்சு கொழகொழன்னு ஆகி விரல் பட்டதும் பிஞ்சு வந்துடுச்சு, ஒரே அழுகல் நாத்தம்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டுக்கும் உயிரே அந்தத் தண்டுலதான் இருக்கு. அதை மணல்ல புதைக்கவே கூடாது. கட்டையிலயோ கல்லுலயோ வச்சு நூலால கட்டுங்க, இல்லன்னா ஜெல் மாதிரி வர்ற சூப்பர் க்ளூ ஒரு சொட்டு போதும், வேர் தானா பிடிச்சுக்கும். புல்லு மாதிரி நீளமா இலை விடுற வாலிஸ்னேரியாவுக்கு வேர் மட்டும்தான் மணலுக்குள்ள போகணும், இலை கிளம்புற குருத்து வெளிய தெரியணும். கட்டாக் கட்டி விக்கிற தண்டுச் செடியை அப்படியே சொருகாதீங்க, ரப்பர் பேண்டைப் பிரிச்சு அடி இலையைக் கிள்ளிட்டு ஒவ்வொரு தண்டா விரல் இடைவெளி விட்டு நடுங்க, நடுவுல வெளிச்சம் போகலன்னா அடியிலிருந்தே அழுகும்.

கிரிப்ட் பத்தி தனியா சொல்லணும். நிறைய பேர் கைவிட்டுடுற செடி இது, இதுல வென்ட்டின்னு ஒரு வகை, சொந்த ஊரு இலங்கை, நம்ம வீட்டுத் தண்ணிக்கு நல்லாவே வரும். ஆனா இடம் மாத்தினாலே இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரையும். போதாததுக்கு பண்ணையில பெரும்பாலும் இலை தண்ணிக்கு மேல இருக்கிற மாதிரிதான் வளர்க்கிறாங்க, தொட்டிக்குள்ள வந்ததும் அந்தப் பழைய இலை தாங்காது. செத்துடுச்சுன்னு பிடுங்கிப் போட்டுடாதீங்க. கரைஞ்ச இலையை மட்டும் எடுத்துட்டு வேரை அசைக்காம விடுங்க, சில வாரத்துல புது இலை வரும்.

அடுக்குறது பெரிய விஷயம் இல்ல, உயரமானது பின்னாடி, குட்டையானது முன்னாடி, ஃபில்டர் தண்ணி வேகமா அடிக்கிற இடத்துல மெல்லிசான செடி வேண்டாம். கொளத்தூர் மீன் கடையில, அடியில புல்தரை மாதிரி படர்ற கார்பெட் செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிடுறாங்க, அதுல பலதுக்கு நல்ல வெளிச்சமும் சிஓடூவும் (தண்ணியில விடுற கார்பன் டை ஆக்சைடு வாயு) வேணும், சென்னை வெயில்ல தண்ணி 30 டிகிரி தாண்டும்போது சாதாரண செட்டப்ல தாக்குப்பிடிக்கிறது கஷ்டம். லைட்டு ஆரம்பத்துல ஆறு மணி நேரம் போதும், அதுக்கு மேல போட்டா பாசிதான் வரும்.

இன்னொண்ணு, செடி மாத்துற அன்னைக்கே ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. குளோரின் பட்டு நல்ல பாக்டீரியா செத்தா அம்மோனியா ஏறி மீனு போயிடும். தொட்டியில எடுத்த தண்ணியிலயே அலசினா போதும்.

கிளம்பும்போது அந்த அண்ணன் வெட்டின செடியையெல்லாம் கவர்ல போட்டுட்டு, "பக்கத்துல ஏரி இருக்கு தம்பி, அதுல விட்டா பொழைச்சுக்கும்ல"ன்னு நல்ல மனசோடதான் கேட்டாரு. வேண்டாம்ணே, நம்ம ஏரியெல்லாம் மூடிக்கிடக்கிற ஆகாயத்தாமரையே அழகுக்குன்னு தென் அமெரிக்காவுலேர்ந்து வந்ததுதான்னு சொன்னேன். கவரை வாங்கி மொட்டை மாடியில வெயில்ல கொட்டிப் பரப்பிட்டு, நல்லா காஞ்சதும் ரோஜாத் தொட்டிக்கு எருவா போடச் சொல்லிட்டு வந்தேன்.