முடி வெட்டச் சொல்லித் தந்தது நானில்லை

சுங்கை சிப்புட்டில் என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஐந்து வயதுப் பையனுக்கு ஆட்டிசம். கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே அலறுவான். முடிவெட்டும் கடையில் இரண்டு முறை எல்லார் முன்னாலும் கூனிக்குறுகி நின்றபின், அவன் அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் விதத்தை நான் விளக்கினேன். தலையாட்டினார், வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

மறுவாரம் வெளியே காத்திருந்த இன்னோர் அம்மா அவரிடம் சொன்னார்: "என் மகனும் இப்படித்தான். ஒரு மாசம் வெறும் சீப்பைத்தான் தலையில வெச்சேன். அப்புறம் குளிக்கும்போது தினம் ஒரே ஒரு வெட்டு. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். இருக்கட்டும், முடிதானே, வளராதா?" நான் சொன்னதும் அதேதான். ஆனால் அன்றிரவுதான் அந்த வீட்டில் சீப்பு கைக்கு வந்தது.

அதிலிருந்து, பெற்றோரைப் பெற்றோருடன் சேர்த்துவைப்பதும் என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 1971இலேயே இப்படி ஓர் ஏற்பாடு தொடங்கிவிட்டது. நம் மலேசியாவில் சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வுப் பயிற்சி தரும் பி.டி.கே. திட்டம் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் பிறந்தது. பி.டி.கே. மையத்தில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம், பெற்றோர் பேசிக்கொள்ள நல்ல நேரம்.

முன்பு தோட்டத்தில், வேலைக்குப் போவோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது. எந்தப் பிள்ளை எப்படி என்று வரிசை வீடுகளான லயத்துக்கே தெரியும். கேலியும் இருந்தது, உதவிக்குக் கையும் இருந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த பல குடும்பங்களுக்கு இப்போது அந்தக் கை இல்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு, கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகாமல் இருக்கிறார்கள். உறுமி மேளத்துக்குப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துவானே என்ற பயம். கூட்டம் சேருமுன் விடியற்காலையிலேயே போய் வந்துவிடும் வழியை ஓர் அப்பாதான் எங்களுக்குச் சொன்னார்.

இரண்டு பேரைச் சேர்க்கும்போது நோயின் பெயரைவிட அன்றாடச் சிக்கலைப் பார்க்கிறேன்: தூக்கம், கழிப்பறை, வெளியே ஓடிவிடுவது. துணை நிற்பவர் அந்தக் கட்டத்தை மூன்று நான்கு வருடம் முன்பே தாண்டியிருந்தால் நல்லது. தானே இன்னும் அழுதுகொண்டிருப்பவரிடம் இன்னொருவர் பாரத்தையும் ஏற்றக்கூடாது.

துணை நிற்பவர் காதில் கேட்டது வெளியே போகக்கூடாது. சின்ன ஊர், காலையில் சொன்னது மாலைக்குள் மளிகைக் கடைக்கு வந்துவிடும். மருந்து விஷயத்திலும் நான் கண்டிப்பு. வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு மாறியதை ஒருவர் பெருமையாகச் சொன்னபோது அங்கேயே குறுக்கிட்டேன். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாக வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அனுபவத்தைச் சொல்லலாம், மருந்தை மாற்றச் சொல்வது மருத்துவர் வேலை.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளைக்கு முத்திரை குத்துவதாக நினைத்துப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நான் விண்ணப்பப் பாரங்களை விளக்குவதைவிட, ஒரு தாய் தன் மகளின் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவது வேலை செய்கிறது.

முடி வெட்டப் பழகிய அந்த அம்மா இப்போது செம்பனை ஆலைப் பக்கமிருந்து வரும் ஓர் இளம் தாய்க்குத் துணை. முதல் நாள் என்ன பேசுவதென்று என்னிடம் கேட்டார். பிள்ளையைப் பற்றி அந்த இளம் தாயே தொடங்கட்டும் என்றேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் துணைக்கு வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "பசியாறிட்டியாம்மா?"