கழுகு முத்திரை குத்திய ஜோர்க்கி

போன மாதம் ஒரு தம்பி வெல்வெட் துணியில் பத்திரமாகச் சுற்றி ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். தங்கம் மாதிரி மின்னும் பித்தளை, மேல்தகட்டில் கழுகு, ஸ்வஸ்திகா, 'லைக்கா' என்ற ஜெர்மன் கேமராவின் பெயர். "ஹிட்லர் காலத்து விமானப்படை கேமரா அண்ணே. ஷட்டர் மட்டும் சிக்குது."

நான் பதில் சொல்லாமல் லென்ஸைத் திருகிக் கழற்றினேன். உள்ளே மேல்பக்கம் ஒரு சின்னக் கை இருக்கும். லென்ஸின் பின்விளிம்பு அதைத் தள்ளித்தான், தூரத்தைக் கணித்துக் குவியம் பிடிக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் நகரும். அசல் லைக்காவில் அதன் நுனியில் உருளும் சக்கரம் உண்டு. இதில் உருளாத ஆப்பு மாதிரி ஒரு துண்டு. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்கில் 1948-க்கும் 1956-க்கும் இடையில் செய்த ஜோர்க்கி என்ற சோவியத் கேமரா இது. தம்பி கொடுத்ததோ லைக்கா விலை. (சக்கரம் இருந்தாலே அசல் என்றும் நம்பிவிடாதீர்கள். ஆப்பு இருந்தால் லைக்கா இல்லை, அவ்வளவுதான் உறுதி.)

பழைய எழுத்தைச் சுரண்டி, புதிதாகப் பொறித்து, பாம்புத்தோல் ஒட்டி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெர்லின் ஒலிம்பிக், கடற்படை, விமானப்படை என்று பொறிப்புதான் மாறும், உள்ளே இருப்பது ஜோர்க்கி அல்லது ஃபெட் என்ற இன்னொரு சோவியத் கேமரா. எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அந்த ஃபெட்டுக்கே சொந்தமாக ஒரு கதை இருக்கிறது. கார்கிவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகக் கல்வியாளர் மக்கரென்கோ நடத்திய கம்யூனில், அந்தப் பிள்ளைகளின் கையால் 1934-இல் உற்பத்திக்கு வந்த கேமரா அது. லைக்கா இரண்டின் நகல்தான், மறுக்கவில்லை. பெயர் மட்டும் சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய பெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். இதை அழித்துவிட்டுக் கழுகைப் பொறிக்கிறார்கள்.

ஏமாறாமல் வாங்கியவர்களும் என் மேசைக்கு வருகிறார்கள், பெரும்பாலும் ஒரே தவறோடு. ஜோர்க்கி-4, ஃபெட்-3 இரண்டிலும் ஷட்டரை ஏற்றிய (அடுத்த படத்துக்கு முறுக்கிய) பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருகினால் மெதுவேகப் பொறிமுறை கெடும். அங்கே ஒரு பல் போனால், இன்னொரு கேமராவை உடைத்துத்தான் உதிரி எடுக்க வேண்டியிருக்கும். ஜோர்க்கி-4 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கு மேல் வந்தது, அதனால் தானம் கொடுக்கும் உடல் இன்னும் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஃபெட்-2. மெதுவேகமே கிடையாது, அதனால் கெடுக்க அது இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலான தூரம் 67 மில்லிமீட்டர், குவியம் துல்லியமாகப் பிடிபடும். பின்பக்கமும் முழுதாகக் கழலும்.

அப்படிக் கழலும் மாடலை வாங்குமுன் இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, பின்பக்கமிருந்து பாருங்கள். நட்சத்திரம் மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் ஷட்டர் திரையில் ஓட்டை. எஸ்எல்ஆர் கேமராவில் இருப்பதுபோல் லென்ஸுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி இவற்றில் கிடையாது; மூடி போடாமல் வெயிலில் வைத்தால் லென்ஸ் சூரியனை நேரே ரப்பர் துணித் திரையில் குவித்துப் பொசுக்கிவிடும். கீவ் கேமராவுக்கு இந்தப் பயமில்லை. அது ஜெர்மன் கான்டாக்ஸின் வாரிசு, அதில் உலோகத் திரை. ஆனால் அதைத் தாங்கும் நாடா தேய்ந்து அறுபடும். கீவுக்கான ஜூபிடர்-8 லென்ஸ் ஜோர்க்கியில் ஏறாது, பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு என்னிடம் பொருத்து வளையம் கேட்கிறார்கள்.

சிக்கும் ஷட்டருக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடுவது இன்னொரு கொடுமை. சிக்குவது பழைய கிரீஸ் இறுகியதால். மேலே எண்ணெய் ஊற்றினால் அது திரைக்குத்தான் பரவும்.

தம்பியின் ஜோர்க்கியில் அதே இறுகிய கிரீஸ்தான். இரண்டு நாள் கழுவி, புதிதாகத் தடவி, திரை ஓடவிட்டேன். வாங்கிக்கொள்ள வந்தவர் கழுகைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இதை அழிக்க முடியாதா அண்ணே?"

"ஆழமா வெட்டியிருக்கான் தம்பி. தேய்ச்சா தகடு மெலிஞ்சு போயிடும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிலிம் ரோலை எடுத்தார். கீழ்வழியாகப் போட வேண்டிய மாடல் என்பதால், பிலிமின் முன்முனையான நாக்கைப் பத்து சென்டிமீட்டர் நீளமாக வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தேன்.