உருளை வறுவல் பொன்னிறத்தோடு நிற்கட்டும்

உருளைக்கிழங்கு வறுவல் கருகினால் அடுப்பைத்தான் குறை சொல்கிறோம். பல நேரம் தவறு, கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்த அன்றே தொடங்கிவிடுகிறது. சுமார் 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கை எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளிப்புறம் கருத்து, லேசாகக் கசக்கும்.

நிறம் மட்டுமல்ல பிரச்சினை. அந்தச் சர்க்கரையும் கிழங்கில் இயல்பாக உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேர்ந்து அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளை உண்டாக்குகின்றன. உணவில் இது இருப்பதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்தது. மனிதர்களிடம் அவ்வளவு உறுதியான சான்று இல்லை. பயந்து கிழங்கையே ஒதுக்க வேண்டாம். எவ்வளவு கருக்குகிறோமோ அவ்வளவு அது கூடும் என்பதை மனதில் வைத்தால் போதும். ஃப்ரிட்ஜில் இருந்த கிழங்கை மசாலாவுக்கோ குருமாவுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைக்கும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை.

வாங்கும்போது பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மண் அப்பியிருந்தால் பச்சை கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்மண் ஒட்டியிருப்பதாலேயே அது ஊட்டிக் கிழங்கு ஆகிவிடாது. மண்ணைப் பூசியும் விற்கிறார்கள். பச்சை நிறம் வெளிச்சம் பட்டதன் அடையாளம். அந்த இடத்தில் சோலனின் என்ற நச்சும் கூடியிருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. சிறு திட்டு என்றால் ஆழமாகச் செதுக்கி எறியலாம். பெரும்பகுதி பச்சையாகவோ நிறைய முளைவிட்டோ கசந்தோ இருந்தால் முழுக்கிழங்கையும் தூக்கிப் போடுங்கள். வீட்டில் காற்றோட்டமான இருட்டு மூலையில், சாக்குப் பையில் வையுங்கள்.

இனி வறுவல், நான்கு பேருக்கு. அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக ஒரே அளவில் நறுக்குங்கள். அளவு மாறினால் சிறியது கருகும், பெரியது வேகாது. தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்தால் மேலே உள்ள மாவும் சர்க்கரையும் கொஞ்சம் கரைந்துபோகும். வடித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் ஈரம் ஆவியாகி முடியும்வரை மொறுமொறுப்பு வராது.

அகலமான இரும்புக் கடாயில் 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெய். கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு தேக்கரண்டி, பெருங்காயம், கறிவேப்பிலை. கிழங்கையும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளையும் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, தீயைக் குறைத்துத் தட்டு போட்டு 7 நிமிடம் விடுங்கள். கத்தி நுனி எளிதாக இறங்கியதும் தட்டை எடுத்துவிட்டு முக்கால் தேக்கரண்டி உப்பு. உப்பை முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டு அடிப்பிடிக்கும். பிறகு மிதமான தீயில் எட்டு பத்து நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் திருப்புங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் மேல்தோடு உருவாகாது, துண்டும் உடையும். பொன்னிறம் வந்ததும் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் தூவி, சிறுதீயில் ஒரு நிமிடம் புரட்டி இறக்குங்கள். தூள்தான் முதலில் கருகும், அதனால் அது கடைசியில்.

ஒரு கிலோவை ஒரே கடாயில் திணிக்காதீர்கள். துண்டுகள் வறுபடாமல் ஆவியில் அவிந்து குழையும். புளிப்பு வேண்டுமானால் எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். கிழங்கு வேகும் முன் புளியோ தக்காளியோ சேர்ந்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும்.

சோறும் கிழங்கும் இரண்டுமே மாவுச்சத்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வறுவல் வைக்கும் அன்று ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ கூட வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் டிபன் பாக்ஸில் வைப்பதானால் பத்து நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் கோத்த நீர் இறங்கி, மதியத்துக்குள் வறுவல் சதசதத்துவிடும்.